வரி கொடுக்கிறவன்

லண்டனில் எங்கள் தமிழ்ப் பூசையில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடிதான் பாடுகிறார்கள். சிலுவையை அல்ல, அதற்குப் பக்கத்தில் தொங்கும் ஸ்கிரீனை. பாட்டு அதில் தமிழிலும், கீழே ஆங்கில எழுத்திலும் ஓடும். நான் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். எழுத்துக் கூட்டி ஒரு வரியை முடிக்குமுன் அடுத்தது வந்து நிற்கும். மன்னாரில் பெரிய வெள்ளியன்று மாதா புலம்பலுக்கு ஒருவர் வரி கொடுப்பார், ஒவ்வொரு வரியாக அவர் சொல்ல, சனம் அதை வாங்கி நீட்டிப் பாடும். பதினாறு வயதிலிருந்து எங்கள் கோயிலில் வரி கொடுத்தவன் நான். புத்தகம் கையில் இருக்கும், விரிக்க மாட்டேன். இங்கே பதினெட்டு வருடமாகக் கடைசி வாங்கிலில் வாயை மட்டும் அசைக்கிறேன். வாசிப்பு ஓடாது என்று எவருக்கும் சொன்னதில்லை. ஒரு பெரிய வெள்ளிக்காவது இங்கே வரி கொடுக்க வேண்டும் என்ற ஆசையையும் சொன்னதில்லை.

கிழமை நாட்களில் கோயில் ஹோலைத் துடைப்பது என் வேலை. போன குளிர்காலம் புதன்தோறும் அங்கே பாடிப் பழக வந்தவள் டார்லா. அமெரிக்காவில் அப்பலாச்சியா மலைக்காரி. தானே பாட்டுக் கட்டி, பாஞ்சோ வாசித்துப் பாடுகிறவள். ஒருநாள் பாஞ்சோவை வைத்துவிட்டு ஒரு வரியைப் பேசுவதுபோல் வேகமாகச் சொன்னாள். பிறகு அதையே நீட்டி இழுத்தாள். அடுத்த வரியைச் சொன்னதும், மொப்பைப் பிடித்தபடி நின்ற என் தொண்டை தானாக அதை வாங்கிவிட்டது. சொல் இல்லை, ராகம் மட்டும். அவள் திரும்பினாள்.

"சொறி, சொறி. கிளீன் லேட்டர்" என்று வாளியைத் தூக்கினேன். அவள் வந்து கதவை மறித்தாள். ஏசப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஸ்டே. சிங்" என்றாள்.

மலைக் கோயில்களில் அந்தக் காலம் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு, அதனால் ஒருவர் வரி கொடுக்க மற்றவர்கள் வாங்குவார்கள் என்று மெதுவாக விளங்கப்படுத்தினாள். அவளுடைய தகப்பனுக்கும் எழுத்துத் தெரியாதாம். நிலக்கரிச் சுரங்கத்துத் தூசி நெஞ்சில் அடைத்துச் செத்தவராம்.

"மீ டூ. நோ ரீடிங்" என்றேன். பதினெட்டு வருடத்தில் முதல்முறை, அதுவும் ஒரு வெள்ளைக்காரியிடம்.

ஆர்ச்வேயில் ஒரு பப்பின் மேல்மாடியில் தன்னோடு பாட வரும்படி கேட்டாள். எங்கள் பாடகர் குழுவை நடத்தும் ஜெறோம், ஜெர்மனியிலிருந்து வந்து கடை போட்டவன், அதை எங்கேயோ கேள்விப்பட்டுவிட்டான். "என்ன அண்ணை, பாரிலையோ மாதா புலம்பல்? தொட்டுக்கொள்ளக் கடலையும் குடுப்பினமோ?" என்றான். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

போனேன். டார்லா தகப்பனைப் பற்றித் தான் கட்டிய பாட்டைப் பாடினாள். பிறகு நான், செத்த மகனை மடியில் கிடத்தி மாதா அழுவதைப் பாடினேன். முடிந்ததும் கைதட்டினார்கள். பியர் கிளாஸோடு ஒருவன் விசிலடித்தான். எங்கள் ஊரில் அந்த இடத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

"வை கிளாப்?" என்று இறங்கிவந்து கேட்டேன்.

"என்னுடைய அப்பாவின் சாவுக்கும் தட்டுகிறார்கள்" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

யாரோ எடுத்த வீடியோ எங்கள் ஆட்களின் போன்களில் சுற்றியது. அடுத்த ஞாயிறு ஜெறோம் எல்லோருக்கும் முன்னால் என் தோளில் தட்டினான்.

"கலக்கிப்போட்டியள் அண்ணை! பெரிய வெள்ளிக்கு நீங்கள்தான். ஸ்கிரீனிலை போட்டுவிடுறன், பாத்துப் பாடுங்கோ."

"ஸ்கிரீன் வேண்டாம் தம்பி. நான் வரி குடுக்கிறன், சனம் வாங்கட்டும்."

"அது சரிவராது. எங்கடை பிள்ளையளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இங்கிலீஷ் எழுத்திலை போட்டால்தான் பாடுவினம். பாத்துப் பாடுறதிலை உங்களுக்கு என்ன கஷ்டம்?"

பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாததை அவன் வெட்கமில்லாமல் சொன்னான். பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்கும் அதில் வெட்கமில்லை. டார்லாவிடம் சொன்ன அந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தால் போதும். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தேன்.

"அண்டைக்கு எனக்கு ஷிப்ட் இருக்கு" என்றேன்.

பெரிய வெள்ளியன்று ஷிப்ட் எதுவும் இருக்கவில்லை. ஹோலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் சனம் ஸ்கிரீனைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தது. டார்லா மலைக்குத் திரும்பிவிட்டிருந்தாள். மன்னாரில் அந்நேரம் இருட்டியிருக்கும், வேறு யாரோ வரி கொடுத்து முடித்திருப்பார்கள். நான் முதல் வரியைக் கொடுத்தேன். சனம் வாங்கிப் பாடி முடிக்க எவ்வளவு நேரம் விட வேண்டுமோ, அவ்வளவு நேரம் விட்டேன். பிறகு அடுத்த வரியைக் கொடுத்தேன்.