பத்தரை மணிப் பூசைக்கு முன்

ஆஸ்பத்திரி அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் முத்திரை குத்தியதால் அவளுக்கு முத்திரை என்று பெயர். நர்ஸாக இருந்தவள் குண்டூசி. எக்ஸ்ரே அறையில் இருந்தவளுக்கு எக்ஸ்ரே என்பதைத் தவிர வேறு பெயர் யாருக்கும் தோன்றவில்லை. ஓய்வு பெற்ற பின் மலைமேல் மாதா கோவிலுக்குப் போவதென்று நான்கு வருஷம் பேசிப் பேசி, மூவரும் ஒருவழியாகக் கிளம்பினார்கள்.

முத்திரை வந்தது பாவசங்கீர்த்தனத்துக்கு, சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ள. சொந்தப் பங்குச் சாமியாருக்கு அவள் குரல் தெரியும். வலைக்கு அப்பால் யாரோ ஒருவரிடம் சொல்லிவிட்டு, பூசையில் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு இறங்கிவிட வேண்டும். இருபது நிமிஷம் தனியாக இருந்தால் போதும். அதுதான் கிடைக்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரத்துக்குச் சண்டை. படியேறும்போது குண்டூசிக்கு மூட்டு வலி. அவள் உட்கார்ந்த இடத்திலெல்லாம் எக்ஸ்ரே படம் எடுத்தாள்.

"கொஞ்சம் சிரியேன்டீ. மாதாவைப் பாக்கப் போறியா, வரி கட்டப் போறியா?"

"மணி பத்தாகப் போகுது. நீங்க மெதுவா வாங்க, நான் முன்னாடி போறேன்," என்றாள் முத்திரை.

"அதெப்படி? ஒண்ணா வந்தா ஒண்ணாத்தான் போகணும்," என்று அவள் கையைப் பிடித்து எழுந்தாள் குண்டூசி.

பாவசங்கீர்த்தன வரிசையிலும் அவளே முந்திக்கொண்டாள். கால் மணி நேரம் மருமகளைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்து, முத்திரையின் பையை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"கொஞ்சம் தள்ளித்தான் நில்லேன்."

"ஏன், கொலையா பண்ணிட்டு வந்திருக்க?"

முத்திரை மண்டியிட்டுக் கிசுகிசுத்தாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன் சிநேகிதியின் அம்மா வெளியூரில் படுத்த படுக்கை. அங்கே மாற்றல் கேட்டுச் சிநேகிதி எழுதிய விண்ணப்பத்தை, மேலே அனுப்பாமல் மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டாள். மேலிடத்தில் மறுத்துவிட்டார்கள் என்று சொன்னாள். ஏழு மாதத்தில் அம்மா போய்விட்டாள்.

"ஏம்மா அப்படி?"

"அவ போயிட்டா, மத்தியானம் கூட உக்காந்து சாப்பிட எனக்கு யாரும் இல்ல, ஃபாதர்."

"அவங்க இருக்காங்களா?"

"இருக்கா." எங்கே என்று சொல்லவில்லை.

"அவங்ககிட்டயே சொல்லுங்க. அதுதான் உங்க பரிகாரம்."

"பத்து செபமாலை சொல்றேன், ஃபாதர். முழங்கால்ல படியேறுறேன்."

"படியெல்லாம் ஏற வேண்டாம். சொல்லுங்க."

அதைச் சொல்லாமல் தப்புவதற்குத்தானே இவ்வளவு தூரம் வந்தாள்! எரிச்சலோடு எழுந்து வந்தாள்.

"என்ன குடுத்தாரு?" என்றாள் குண்டூசி. பரிகாரத்தைப் பரீட்சை மார்க் போல ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்கள் பழக்கம். "எனக்கு மூணே மூணு அருள் நிறைந்த மரியே செபம்தான்."

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

"யாரு, சாமியாரா? வந்து சொல்லச் சொல்லு."

"நான் சொல்லணுமாம்."

சொன்னாள். அலுவலகக் குறிப்பு வாசிப்பது போல, தேதியோடு சொன்னாள். எக்ஸ்ரே தூக்கிய போனை இறக்கினாள். பூசைக்கு முதல் மணி அடித்தது.

குண்டூசி பையை அவள் கையில் திணித்தாள்.

"எங்கம்மா கடைசி வரைக்கும் போன்ல கேட்டுக்கிட்டே இருந்தாடி, எப்ப வர்ற, எப்ப வர்றன்னு."

"தெரியும்."

"தெரியுமா! இப்ப உன்னப் பாத்தா என் வாயில வர்ற வார்த்தையை வச்சுக்கிட்டு நான் எப்படி நன்மை வாங்குவேன்? உன்னால நான் மறுபடியும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் நிக்கணும்."

காலை இழுத்து இழுத்து வரிசையின் கடைசிக்குப் போனாள். அவளுக்கு முன்னால் பன்னிரண்டு பேர் நின்றார்கள்.