ஐந்து திருப்பம் வைத்த அடுப்பு

உலைக்காரர் வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் எல்லாரும் கை காட்டுவார்கள். பெயர் சொல்லிக் கேட்டால்தான் யோசிப்பார்கள். இரும்பு வார்ப்புப் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் உலைகளுக்கு உள்சுவர் கட்டியவர். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பதினோரு வயதில் மணல் சலிக்கப் போனார். கடைசியில், அவர் கை படாமல் பட்டறையின் மூன்று உலைகளிலும் நெருப்பு வைக்க முடியாது என்கிற நிலைக்கு வந்தார். சும்மா சொல்லக்கூடாது, அப்படிப்பட்ட கை. படித்துவிட்டு வந்த எஞ்சினியர்கள் தாளை விரித்துக் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது இவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, இந்தப் பக்கம் ஒரு விரல் சாய்ந்திருக்கிறது என்பார். அளந்து பார்த்தால் ஒரு விரல் சாய்ந்துதான் இருக்கும்.

குடியிருக்கும் வீட்டையும் அவரே கட்டினார். வேலையில்லாத நாள்களில் மட்டும் கட்டியதால் ஒன்பது வருஷம் பிடித்தது. கொத்தனார் என்று ஒருவன் அந்தப் படி ஏறியதில்லை. இதை அவர் சொல்லாத ஆள் கிடையாது. தபால்காரர்கூட அந்தக் கதையை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போக முடியும்.

அந்த வீட்டில் அவர் கை வைக்காத ஒரே இடம் அடுப்பு. பின்னறையில் மூன்று கல், மேலே சுவரில் புகை போக ஒரு ஓட்டை, அவ்வளவுதான். சமையல் வேலையில் ஆம்பளைக்கு என்ன என்று விட்டுவிட்டார். அவர் மனைவி அங்கே குனிந்து முப்பத்தாறு வருஷம் சமைத்தாள். நடுவில் கேஸ் வந்தது. ஆனாலும் அந்த ஊர்க் குளிருக்கு அறையைச் சூடாக்க விறகில்லாமல் முடியாது. எதிரே மர மில் இருந்ததால் துண்டுக் கட்டைக்குக் குறைவில்லை. கேஸ் வந்த பிறகும் அந்த மூன்று கல் அணையவில்லை.

அந்த வருஷம் மழை முடியும்போது அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கிணற்றடிக்குப் போய்த் திரும்புவதற்குள் இரண்டு தடவை சுவரைப் பிடித்து நின்றாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலில் பாதிக்கு மேல் போய்விட்டது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். இனிமேல் புகையும் ஆகாது, குளிரும் ஆகாது. இரண்டில் எது பட்டாலும் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவது கஷ்டம்.

மகன் தூரத்து நகரத்தில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதுகிறவன். ஆறாவது மாடியில் வீடு, சுவரில் ஹீட்டர். அம்மாவை உடனே கூட்டிப்போகிறேன் என்று வந்து நின்றான். அவள் போக மாட்டேன் என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை, அவளுக்கு அதற்கு மூச்சில்லை. மூடின கதவுக்குள்ளே உட்கார்ந்து யார் வீட்டுச் சத்தத்தையோ கேட்டுக்கொண்டு சாகிற வயசு எனக்கு இன்னும் வரவில்லை என்று மட்டும் சொன்னாள்.

அப்போதுதான் உலைக்காரர் எழுந்தார். பின்னறையில் செங்கல் அடுப்பு ஒன்று கட்டுகிறேன், சொட்டுப் புகை உள்ளே வராது, விடிய விடியச் சூடு நிற்கும், அவள் இங்கேயே இருப்பாள் என்றார். மகன் ஒரு கெடு வைத்தான்.

"ஆறு வாரம் கழிச்சு காரோட வரேன்ப்பா. அதுக்குள்ள இந்த அறையில புகையில்லாம சூடு இருக்கணும். இல்லேன்னா அம்மா என்கூட வராங்க. அதுக்கு மேல ஒரு நாள்கூடக் கிடையாது."

"ஆறு வாரம் எதுக்கு? நாலு போதும்" என்றார் உலைக்காரர்.

மனைவியின் தம்பி, எலக்ட்ரீஷியன், பக்கத்துத் தெருவில்தான் இருந்தான். கடையில் இரும்பு அடுப்பு ரெடிமேடாக வருகிறது, குழாயோடு வாங்கி ஒரே நாளில் மாட்டிவிடலாம் என்று அவன் சொல்லிப் பார்த்தான். உலைக்காரருக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஊரெல்லாம் உலை கட்டினவன் வீட்டுக்குக் கடையிலிருந்து தகர டப்பாவா?

"சரி மாமா, கட்டுங்க" என்றான் மச்சினன். "எங்க அக்காவுக்குக் குளிர் காயத்தான் அடுப்பு. இரும்பை உருக்கி ஊத்திடாதீங்க."

வேலை ஆரம்பித்தது. மூன்று கல்லைப் பெயர்த்து எறிந்து, முழங்கால் ஆழம் தோண்டி, கருங்கல் ஜல்லி போட்டு இடித்தார். பட்டறையில் உடைத்துப் போட்ட பழைய உலையிலிருந்து தீச்செங்கல் எடுத்து வந்தார். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, கணீர் என்று சத்தம் வந்ததை மட்டும் வைத்துக்கொண்டார். நெருப்பு படும் இடத்தில் சிமெண்ட் வைத்தால் வெடித்துவிடும் என்பது அவருக்குத் தெரியாததா? களிமண்ணையும் சலித்த மணலையும் காலால் மிதித்து மிதித்துக் குழைத்தார். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழக்கூடாது, உதறினால் ஒட்டியிருக்கக்கூடாது, அதுதான் பக்குவம். கீழே சாம்பல் அறை, மேலே கம்பித் தட்டு, அதற்கு மேல் தீயறை. அறுபத்திரண்டு வயதில் தனி ஆளாகக் கட்டினார். ஒரு கல் பிசகவில்லை.

அவருடைய பெருமையெல்லாம் புகை போகும் வழியில் இருந்தது. தீயறையை விட்டுக் கிளம்பும் புகை நேரே வெளியே போனால் சூடும் கூடவே போய்விடும். அதனால் சுவருக்குள்ளேயே மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி ஏறி, ஐந்து திருப்பம் திரும்பிப் போகும்படி வழி வைத்தார். கடைசிச் சொட்டுச் சூட்டையும் செங்கல் உறிஞ்சிக்கொள்ளும். பட்டறையின் பெரிய உலைக்கு அவர் வைத்தது எட்டுத் திருப்பம். வீட்டுக்கு ஐந்து போதும் என்று அவராகவே இரக்கப்பட்டுக் குறைத்தார்.

அவள் முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்து, திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காவது திருப்பம் வைக்கும்போது, இவ்வளவு சுத்தி எப்படிங்க என்று ஏதோ கேட்க ஆரம்பித்தாள். அவர் கரண்டியை உயர்த்திக் காட்டி, நீ பேசாமல் மூச்சை மிச்சம் பிடி என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவள் பேசாமல் இருந்துவிட்டாள்.

சொன்ன நாலு வாரத்தில் அடுப்பு நின்றது. பத்து நாள் காய விட்டார். மகன் வரும் நாள் வரை நெருப்பு வைக்கவில்லை. ஈரம் போகச் சின்னதாகத் தீ மூட்டிப் பார்க்க வேண்டாமா என்று மச்சினன் கேட்டதற்கு, கட்டிய உலையைச் சோதித்துப் பார்ப்பது சந்தேகம் உள்ளவன் வேலை என்றார்.

மகன் காலையில் வந்தான். கார் வாசலில் நின்றது. சுண்ணாம்பு பூசிய அடுப்பு பின்னறையில் மணப்பெண் மாதிரி இருந்தது. மனைவியை அதற்கு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்தார் உலைக்காரர். ஜன்னலைச் சாத்தினார், கதவைச் சாத்தினார். தீயறையில் சுள்ளி அடுக்கிப் பற்றவைத்து இரும்புக் கதவை மூடினார். உள்ளே படபடவென்று சத்தம் கேட்டது. திரும்பி மகனைப் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்காகத்தான் ஆறு வாரமும் உழைத்தது போல இருந்தது.

முதலில் கதவு இடுக்கில் மெல்லிசாக ஒரு கோடு கிளம்பியது. புது அடுப்பு, ஈரம் என்றார். கோடு தடித்தது. கட்டை சரியில்லை என்று வேறு கட்டை வைத்தார். திறந்தபோது மூஞ்சியில் அடித்த மாதிரி புகை வெளியே வந்தது, பிறகு நிற்கவே இல்லை. சாம்பல் அறை வழியாக, கம்பித் தட்டு வழியாக, வழி கிடைத்த பக்கமெல்லாம் வந்தது. காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது, இரண்டு நிமிஷம் பொறுங்கள் என்றார். மகன் அம்மாவைத் தூக்கப் போனான். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, அசையாமல், இருமலை உள்ளுக்குள்ளேயே அடக்கி உட்கார்ந்திருந்தாள். பெற்ற பிள்ளைக்கு முன்னால் அவர் தோற்கக்கூடாது என்று உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்ததை முதலில் பார்த்தவன் மச்சினன். அவனும் மகனும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

முற்றத்தில் மருந்தை உறிஞ்ச வைத்தார்கள். கால் மணி நேரம் அவள் மூச்சு தொண்டைவரை வந்து வந்து திரும்பியது. மெல்ல நிறம் வந்தது. உலைக்காரர் கண்ணெல்லாம் சிவந்து, கையில் தீக்கம்பியோடு வெளியே வந்தார். அப்போதும் அவர் புத்தி அடுப்பிலேயேதான் இருந்தது.

"காத்து போதல. வேற ஒண்ணுமில்ல. பட்டறையில உலைக்குப் பக்கத்துல ப்ளோவர் ஓடிக்கிட்டே இருக்கும். அத மறந்துட்டேன். ஒரு சின்ன ப்ளோவர் வெச்சா…"

அவள் கையை உயர்த்தினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு இழுத்துப் பேசினாள்.

"உங்க பட்டறையில ஊதறதுக்கு மோட்டார் இருந்துச்சு. இந்த வீட்டுல நான் இருந்தேன்."

குறையாகச் சொல்லவில்லை. தெரியாத ஒருவருக்கு ஒரு விவரம் சொல்கிற மாதிரி சொன்னாள். எப்போதும் ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சிரிக்க வைக்கிற மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு அவள் மகனைப் பார்த்து, வண்டியை எடுப்பா என்றாள். அவளாகவே சொன்னாள். ஒரு பையில் நாலு புடவையும் மருந்தும் போட்டார்கள். கார் திரும்பும்வரை உலைக்காரர் தீக்கம்பியைக் கீழே வைக்கவில்லை.

மூன்று நாள் அவர் பின்னறைக்குள் போகவில்லை. தபால்காரர் வந்தபோது கடிதத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். நாலாம் நாள் உளியும் சுத்தியலும் எடுத்து மேலிருந்து ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்தார். ஐந்தாவது திருப்பத்தில் புகைக்கரியே படியவில்லை. நான்காவதிலும் இல்லை. மூன்றாவதில் லேசாக ஒரு நிழல். புகை அதற்கு மேல் போகவே இல்லை. தள்ள ஆளில்லாமல் பாதியில் நின்று திரும்பி வந்திருக்கிறது. முப்பத்தெட்டு வருஷத்தில், தானாக மூச்சு விடவேண்டிய நெருப்புக்கு அவர் ஒரு தடவைகூட வழி கட்டியதில்லை. அவர் கட்டிய நெருப்புக்கெல்லாம் யாராவது ஊதிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் அவர் மகன் வீட்டுக்குப் போன் போட்டார். மனைவியிடம் உடம்பு எப்படி, சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்டார். கேட்க நினைத்த கேள்வி மட்டும் அவருக்கு லேசில் வாயில் வரவில்லை.

"அந்த மூணு கல்லுல… புகை எப்பப்ப எப்படிப் போச்சு? கொஞ்சம் சொல்லு."

அந்தப் பக்கம் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் சொன்னாள். ஒரே நாளில் சொல்லி முடிக்க அவளால் முடியவில்லை. ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் என்று எட்டு நாள் சொன்னாள். மில் பக்கத்துக் காற்று அடித்தால் சுவர் ஓட்டை வழியாகப் போன புகை திரும்ப உள்ளேயே வரும். கூரை முகட்டைத் தாண்டிப் போனால்தான் அந்தக் காற்று பிடிக்காது. அடுப்பு வாயை ஒரு தகரத்தால் பாதி மறைத்தால் தீ நன்றாக இழுக்கும், அகலத் திறந்தால் சோம்பிவிடும். பக்கத்து ஜன்னலை ஒரு விரல் திறந்துவைத்தால்தான் அடுப்புக்கு மூச்சு வரும், எல்லாவற்றையும் சாத்தினால் அதுவும் என்ன செய்யும். முக்கியமானதைக் கடைசியாகச் சொன்னாள்.

"விடியக்காலையில சுவரெல்லாம் ஜில்லுனு இருக்கும். அப்ப புகை மேல ஏறாது. சுவர் சூடான பிறகுதான் ஏறும். அந்த முதல் அரை மணி நேரம் நான் ஊதணும்."

எழுதிக்கொள்ள அவருக்கு எழுத்து போதாது. கரித்துண்டால் சுவரில் கோடு போட்டு வைத்துக்கொண்டார். ஐந்து திருப்பம் இரண்டாயிற்று. தீயறை வாய் ஒரு செங்கல் அகலத்துக்குச் சுருங்கியது. புகைக்குழாய் இப்போது கூரை முகட்டைத் தாண்டி இரண்டு முழம் நின்றது. அடுப்புக்கு மேலே குழாய் தொடங்கும் இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சின்னக் கதவு வைத்தார். முதலில் அதற்குள் இரண்டு தாளைக் கொளுத்திப் போட்டால் குழாய் சூடாகி, கீழே பற்றவைப்பதைத் தானே மேலே இழுக்கும். பட்டறையில் யாரும் அவருக்குச் சொல்லித்தராத வேலை அது. குளிர் அதற்குள் தெருவுக்கு வந்துவிட்டது. களிமண் குழைக்கும்போது விரல் மரத்தது. இந்தத் தடவை ஒவ்வொரு நாளும் சின்னதாகத் தீ மூட்டிப் பார்த்தார். மச்சினன் வந்து மண் மிதித்துக் கொடுத்தான். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

மகன் நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்தான். அடுப்பை மூட்டச் சொல்லி, அதற்கு எதிரே அம்மா உட்கார்ந்திருந்த அதே இடத்தில் காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்தான். பக்கத்தில் கொடி கட்டித் தன் வெள்ளைச் சட்டையைத் தொங்கவிட்டான். சாயங்காலம் சட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான், முகர்ந்தான், மாட்டிக்கொண்டான். டாக்டரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று புறப்பட்டுப் போனான்.

பத்தாம் நாள் அவளைக் கூட்டிவந்தான். முன்பைவிட இளைத்திருந்தாள். வாசலிலிருந்து பின்னறைக்கு வர மூன்று இடத்தில் நின்றாள். இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும் என்று டாக்டர் சொன்னது மாறிவிடவில்லை. அறை வெதுவெதுவென்று இருந்தது. ஜன்னல் ஒரு விரல் திறந்திருந்தது. உலைக்காரர் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தார். அது ஏறவும் இல்லை, திணறவும் இல்லை.

அவள் அடுப்புச் சுவரில் கையை வைத்து அந்தச் சூட்டைக் கொஞ்ச நேரம் வாங்கினாள். பிறகு தாளைக் கொளுத்திப்போடும் சின்னக் கதவை எட்டித் திறக்கப் பார்த்தாள். முடியவில்லை. கையை மேலே தூக்கினால் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இது எனக்கு உயரமா இருக்குங்க."

"எவ்வளவு இறக்கணும்?" என்றார் உலைக்காரர்.

அவள் கையைத் தளர்வாக வைத்துக்கொண்டு ஒரு இடத்தைத் தொட்டாள். அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்து அளவு சொல்லவில்லை. கரித்துண்டை எடுத்து, அவள் விரல் இருக்கும்போதே அதற்குக் கீழே கோடு போட்டார்.