எஸ்தர் டீச்சர் விடாத சனிக்கிழமை

போன வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு என் கைபேசியில் எஸ்தர் டீச்சரின் பெயர் வந்தது. ஆறு வருடங்களாக அதே நேரத்துக்கு வரும் அழைப்புதான். மூட்டு வலி, நாளைக்கு வர முடியாது என்று சொல்லிவிடலாம் என முடிவு செய்து எடுத்தேன். பேசியது அவருடைய மகன். "சார், அம்மா மத்தியானம் தவறிட்டாங்க." சொல்ல வைத்திருந்த பொய்யோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பள்ளியில் படித்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாசரேத்துக்காரர், தாவரவியல் எடுத்தவர். மாணவர்களின் சமூகப் பணித் திட்டத்துக்கு அவரும், கணக்கு வாத்தியாரான நானும் பொறுப்பு. உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டும்.

ஆறு வருடங்களுக்கு முன், மீனவர்கள் வாழும் திரேஸ்புரம் கடற்கரையைச் சுத்தம் செய்ய ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தவன் நான். கரை காலியாக இருக்கும், படம் நன்றாக விழும் என்று நினைத்தேன். "ஞாயித்துக்கிழமை வேண்டாம் சார். நான் ஆராதனைக்குப் போவேன். அங்க உள்ளவங்களும் பூசைக்குப் போயிருப்பாங்க. எது குப்பைன்னு கேக்க ஒரு ஆள் இருக்காது" என்றார் டீச்சர். நான் காதில் வாங்கவில்லை. அவர் இல்லாமலே பிள்ளைகளை அழைத்துப் போனேன். மணலில் பழைய கேன்களும் தெர்மாகோல் துண்டுகளும் கோத்த வலைகள் குவிந்து கிடந்தன. கடல் ஒதுக்கிய கழிவு என்று பிள்ளைகளுக்கு விளக்கம் வேறு சொன்னேன். கத்தரித்து, மூட்டை கட்டி, குப்பை லாரியில் ஏற்றினோம். அவ்வளவும் மீனவர்கள் கேன்களை மிதவையாகக் கட்டி வைத்திருந்த நண்டு வலைகள்.

மறுநாள் வலைகளைப் பறிகொடுத்த மீனவர் அந்தோணி அண்ணாச்சி பள்ளி வாசலுக்கு வந்துவிட்டார். "பூசை முடிஞ்சு வாரதுக்குள்ள வலையக் காணோம் சார். கடல்ல போனாக்கூட தேடிப் பாக்கலாம். லாரியில போனத எங்க போய்த் தேட?" என்றார்.

திட்ட அறிக்கையில் எங்கள் இருவர் கையெழுத்தும் வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கிடையாது. 'பணி சிறப்பாக நிறைவுற்றது' என்ற வரியைப் படித்துவிட்டு டீச்சர் பேனாவை மூடிவிட்டார். கடைசி நாளன்று தலைமையாசிரியர் என்னை நெருக்கினார். டீச்சரின் கையெழுத்தையும் நானே போட்டுக் கொடுத்தேன்.

ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். புகார் கொடுப்பார், வேலை போகும் என்று பயந்தேன். அவர் சத்தமே போடவில்லை. "என் பேரைப் போட்டுட்டீங்கல்லா சார்? இனி என் பேரு போட்ட வேலையச் செஞ்சு முடிங்க. சனிக்கிழமை திரேஸ்புரத்துக்கு வாங்க."

அப்படித்தான் மாட்டினேன். பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து, அந்தோணி அண்ணாச்சி சொல்லிக்கொடுக்க, புது வலைக்கு மிதவை கட்டினேன். "ஏலே, சாருக்கு முடிச்சு நிக்க மாட்டேங்கு, பாருங்கலே" என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பார் அவர். வலைகள் முடிந்த அன்று, விட்டது சனியன் என்று டீச்சரிடம் ஓடினேன். "பணி சிறப்பா நிறைவுறலியே சார்" என்றார். அதன்பின் விதவைகளின் உதவித்தொகை மனுக்கள், பிறகு சிறு பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம். மாணவர்கள் வருடந்தோறும் மாறினார்கள். நான் மட்டும் மாறவில்லை. வீட்டில் அவரைத் திட்டாத வெள்ளிக்கிழமை இல்லை. ஆனால் அவரும் ஒவ்வொரு வாரமும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மனு எழுதினார். அந்தக் கையெழுத்தைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால் எப்போதோ தப்பித்திருப்பேன்.

அவர் போய் ஒரு வாரம். நேற்று மறுபடி வெள்ளிக்கிழமை. ஆறு மணிக்குக் கைபேசியை எதிரில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இனி நான் போகாவிட்டால் கேட்க ஒரு ஆள் இல்லை. 'போதும் சார்' என்று அவர் வாயால் ஒருமுறை கேட்கத்தான் இத்தனை வருடம் ஏங்கினேன். அதைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். சொல்லாமலே போய்விட்டார்.

அவருடையதாக என்னிடம் இருப்பது, பள்ளி அலமாரியில் ஒரு பழைய அறிக்கையில், என் கையால் எழுதிய அவருடைய பெயர். இன்று சனிக்கிழமை. மூட்டு உண்மையாகவே வலிக்கிறது. திரேஸ்புரத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.