சம வாய்ப்பு மையத்து மேடம்

எந்த ஊர் என்று, தான் பாடம் நடத்தும் பல்கலைக்கழகத்தில் யாராவது கேட்டால் "வேலூர்தான்" என்பாள் அமிர்தவள்ளி. முழுப் பொய் என்று சொல்ல முடியாது; கல்யாணமானதிலிருந்து வேலூரில்தானே குடியிருக்கிறாள். ஆம்பூரில் ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கத்துக் காலனியில் பிறந்தது, அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் என்கிற மேல்தோலைத் தைத்துத் தன்னை எம்.காம். வரை படிக்க வைத்தது, இதெல்லாம் அவள் வாயிலிருந்து வராது. ஊர் பேர் சொன்னால் தெரு பேர் கேட்பார்கள். தெரு பேர் சொன்னால் சாதி தானாகத் தெரிந்துவிடும். கேட்கிறவர்களும் அதற்காகத்தான் கேட்கிறார்கள், வேறெதற்கு?

நிர்வாகம் சம வாய்ப்பு மையம் என்று ஒன்றைத் தொடங்கியது. எல்லோரும் நழுவிவிட, பொறுப்பை இவள் தலையில் கட்டினார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவள் அதை ஒப்புக்குச் செய்யவில்லை. தலித் மாணவர்களுக்கு உதவித்தொகை வாங்கிக் கொடுத்தாள், சாயங்காலத்தில் இங்கிலீஷ் வகுப்பு எடுத்தாள், மெஸ்ஸில் சாப்பாடு மறுக்கப்பட்ட ஒரு பிள்ளைக்காக வார்டனோடு மல்லுக்கு நின்றாள். யாருக்கு உதவி போகிறது என்று வெளியே மூச்சு விடவில்லை. அந்த மறைப்பின் அருமை அவளைவிட யாருக்குத் தெரியும்?

பல்கலைக்கழகத்தைப் பார்வையிட ஆய்வுக் குழு வந்த அன்று அத்தனையும் பாழாய்ப் போனது. அரங்கம் நிறைய மாணவர்கள். "உதவி பெற்ற மாணவர்களைப் பார்க்கலாமா?" என்றார் குழுவில் ஒருவர். துணைவேந்தர் அமிர்தவள்ளியைப் பார்த்தார். தனியாக அழைத்து வருகிறேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துக்கு நல்ல பேர்தான் பெரிதாகப் பட்டது. மைக்கை வாங்கினாள்.

"நம்ம மையத்து ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் கொஞ்சம் எழுந்து நில்லுங்க."

ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தபடி எழுந்தார்கள். நடுவரிசையில் ஹாஸ்டல் தோழிகளுக்கு மத்தியில் உட்கார்ந்திருந்த முதல் வருடப் பெண் பூவிழி மட்டும் எழவில்லை.

"பூவிழி, நீயுந்தாம்மா."

எழுந்தாள். பக்கத்துத் தோழி நிமிர்ந்து அவளைப் பார்த்த பார்வை மேடைவரை தெரிந்தது. குழுவினர் கைதட்டினார்கள்.

சாயங்காலம் பையும் கையுமாக அமிர்தவள்ளியின் அறைக்கு வந்து நின்றாள் பூவிழி.

"ஹாஸ்டல காலி பண்ணிட்டேன் மேடம். இனிமே ஆம்பூர்லேர்ந்தே பஸ்ல வந்துட்டுப் போறேன்."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லல. சாப்பிடப் போறப்ப என்னைக் கூப்பிடல, அவ்ளோதான்."

"நான் பேசறேன்மா அவங்ககிட்ட."

"இன்னான்னு பேசுவீங்க மேடம்?"

அமிர்தவள்ளி உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினாள். பூவிழி நின்றபடியே பேசினாள்.

"எங்கம்மாவும் உங்கம்மாவும் ஒரே லைன்ல அப்பர் தச்சவங்க. நான் இங்க சேர்றப்பவே அம்மா சொன்னாங்க, மேடம் நம்ம தெருதான், ஆனா அங்க சொல்லிக்கல போல, நீயும் யார்கிட்டயும் சொல்லிடாதேன்னு. நான் சொல்லல மேடம்."

குரலில் குத்தல் துளிகூட இல்லை. இருந்திருந்தால் தேவலை. அமிர்தவள்ளி கூனிக் குறுகிப் போனாள். தன் கதையை இந்தச் சின்னப் பெண் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். அவள் கதையையோ தான் மைக் போட்டு ஊருக்குச் சொல்லியாயிற்று. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது போன் அடித்தது. துணைவேந்தர். எதிரில் நிற்பவருக்கும் கேட்கிற குரல் அவருக்கு.

"குழுவுக்கு ரொம்பத் திருப்தி மேடம். இந்தப் பசங்களோட கஷ்டம் உங்களுக்கு எப்படி இவ்ளோ நல்லாத் தெரியுது?"

இப்போதாவது சொல்லிவிடலாம். சொல்லத்தான் நினைத்தாள்.

"எல்லாம் படிச்சுத் தெரிஞ்சுகிட்டதுதான் சார்" என்றாள்.

பூவிழி எதுவும் காதில் விழாதவள் போலக் குனிந்து, மூடியே இருந்த பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள். தனக்காக அந்தப் பெண் கூசிப்போகிறாள் என்று அமிர்தவள்ளிக்குப் புரிந்தது.