ஒரு விரல் உயரத் தண்ணீர்

நான் ஒரு பெண்ணின் சாவுக்குக் காரணமானவள். அந்தப் பழியை இன்னொரு பெண் சுமக்கிறாள். இரண்டும் தெரிந்தே ஆறு வருடங்களாக வாயைத் திறக்காமல் இருக்கிறேன்.

நான் கட்டடக் கலைஞர். திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு மறுவாழ்வு விடுதியை வரைந்தவள். பாரிசவாதம் வந்தவர்களும் இடுப்பு முறிந்தவர்களும் மாதக்கணக்கில் படுத்துக்கிடக்கும் இடம் அது. அங்கே மருந்து மணம் வரக்கூடாது, காற்று வர வேண்டும், கண் திறந்தால் பச்சை தெரிய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். கட்டில் போடுமுன்னரே வெறும் நிலத்தில் பாய் விரித்துப் படுத்து, நோயாளிக்கு என்ன தெரியும் என்று பார்த்தேன். முற்றத்து வேம்பை வெட்ட விடவில்லை. நல்ல மனதோடுதான் செய்தேன்... நம்புங்கள்!

மழைத் தண்ணீர் வழிந்தோடக் கூரை ஓரத்தில் ஒரு கொங்கிறீற் பீலி வைத்தேன். அதன் வாயில் ஒரு விரல் உயரத்துக்குத் தடுப்பு. தடுப்பில் ஒரு சிறு துளை. மழை விட்ட பிறகும் நெடுநேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கீழே கல்லில் விழும். நோயாளி அதைக் கேட்டபடி கிடப்பார். அந்த ஓசை நெஞ்சின் படபடப்பை அடக்கும் என்று கூட்டங்களில் பேசினேன்.

பீலி கட்டிய மேசன் சாம்பல்தீவுக்காரர். தடுப்பைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"துளை அடைபட்டா தண்ணி நிக்கும், மிஸ். வேப்பம்பூ கொட்டுற இடம். இது வேண்டாம்."

நான் சிரித்தேன். உங்களுக்கு வீடு கட்டத்தான் தெரியும், இது வேறு என்றேன். நான் சொன்னபடியே கட்டிவிட்டுப் போனார் அவர்.

விடுதி திறந்தது. வந்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். சல்லிக் கிராமத்தில் இருந்து ஒரு மீனவர் ஒரு பக்கம் வழங்காமல் வந்து சேர்ந்தார். கூட நின்று பார்த்தவர் அவர் மனைவி தங்கேஸ்வரி. அந்தச் சொட்டுச் சத்தம் கேட்டால்தான் இவர் நித்திரை கொள்கிறார் என்று என் கையைப் பிடித்துச் சொன்னவர். பகல் முழுவதும் பீலிக்கு நேர் கீழே, கணவரின் கட்டிலோடு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பார்.

தங்கேஸ்வரிக்குத்தான் காய்ச்சல் வந்தது. டெங்கு! ஐந்தாம் நாள் பெரியாஸ்பத்திரியில் இறந்துபோனார்.

சுகாதாரப் பரிசோதகர் வந்து விடுதியைச் சுற்றிப் பார்த்தார். குசினிக்குப் பின்னால் ஒரு தேங்காய்ச் சிரட்டை. அதில் கொஞ்சம் மழைத் தண்ணீர். தண்ணீரில் புழுப்போல நெளியும் நுளம்புக் குடம்பிகள். வளவு கூட்டுபவள் றமீஸா, கிண்ணியாக்காரி. அன்றே என் கண்முன்னால் அவளை வேலையால் நிறுத்தினார்கள். எல்லோரும் நிலத்தையே பார்த்தார்கள். ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. கீழே நின்றால் தெரியாதபடி அந்தப் பீலியை மறைத்து வரைந்தவள் நான்தானே!

மறுநாள் கூரையில் வெடிப்புப் பார்க்கவென்று சொல்லி ஏணி வைத்து ஏறினேன். வேப்பம்பூ துளையை இறுக அடைத்திருந்தது. ஒரு விரல் உயரத்துக்குத் தெளிந்த தண்ணீர். அதில்... எத்தனை குடம்பிகள்! பீலி நீளத்துக்கும் நெளிந்தன. உளியால் அந்தத் தடுப்பை உடைத்தேன். தண்ணீர் முழுவதும் கல்லில் கொட்டியது. இறங்கி வந்து, வெடிப்பு ஒன்றும் இல்லை என்றேன்.

சிரட்டைத் தண்ணீரில் வந்த நுளம்பாகவும் இருக்கலாம் அல்லவா? ஆயிரம் தடவை இப்படிக் கேட்டுவிட்டேன். அப்படியானால் ஏன் ஒளித்து உடைத்தாய் என்று உள்ளே ஒன்று திருப்பிக் கேட்கிறது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, பதறுகிறது. தொலைபேசியில் மேசனின் பெயர் தெரிந்தால் மணி ஓயும் தறுவாயில்தான் எடுக்கிறேன். அவர் வேறு வேலைக்குத்தான் எடுப்பார். ஆனாலும் ஒவ்வொரு முறையும், இன்றைக்குப் பீலியைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்றே பயப்படுகிறேன். வேலை போகும், பெயர் போகும், வழக்கும் வரலாம்... பயம், வெறும் பயம்! வேறு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

போன மாதம் றமீஸா என் அலுவலகத்துக்கு வந்தாள். கதவில் அவளைக் கண்டதும் எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை. திரும்ப வேலை கேட்க வரவில்லை என்றாள். வேலையால் நிறுத்திய அன்றைக்கு விடுதியில் ஒருவரும் தன்னை முகம் கொடுத்துப் பார்க்கவில்லை, நான் ஒருத்திதான் ஏசவில்லை, அதனால் இத்தனை வருடமாக மனதில் கிடப்பதை என்னிடம் சொல்லிவிட்டுப் போக வந்ததாகச் சொன்னாள்.

"அந்தச் சிரட்டைய நான் கவுத்துப் போட்டிருந்தா அந்தப் பொம்புள மௌத்தாகியிருக்க மாட்டா, மிஸ். ஒவ்வொரு தொழுகையிலயும் அதத்தான் அல்லாஹ்விட்ட சொல்றன். நீங்க கட்டின நல்ல இடத்த நான் கெடுத்துப்போட்டன். நீங்க என்னை மன்னிச்சிட்டீங்களா?"

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை அதுவரை பழமொழி என்றுதான் நினைத்திருந்தேன். அது கண் கலங்கி என் மேசைக்கு முன்னால் நின்றது. இப்போது சொல்லிவிடு... இப்போதே சொல்! அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்?

"ஓம் றமீஸா, மன்னிச்சிட்டன்" என்றேன்.

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போனாள்.