கேப்டன் முன்னால் அசையக்கூடாது

"அசையாதேடா! மூக்கு பாதியிலே நிக்குது!"

கூண்டில் நின்றவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். கேப்டன் ஃபென்விக் இடது கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி அவன் மூக்கை அளந்தார். கரித்துண்டு தாளில் பறந்தது. வழக்கா? அது பாட்டுக்கு நடக்கும்.

கப்பற்படையில் இருந்தபோது தீவு, எரிமலை, திமிங்கிலம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்து தள்ளியவர். கவர்னர் அவரை எங்கள் கிரேலிங் துறைமுகத்துக்கு மாஜிஸ்திரேட்டாக அனுப்பிவைத்தார். இங்கே எரிமலைக்கு எங்கே போவது? எங்கள் மூஞ்சிகள்தான் அகப்பட்டன. கோர்ட்டுச் சேவகனான என்னையும் எத்தனையோ தடவை வரைந்துவிட்டார். ஒன்றிலாவது தொப்பையைக் குறைத்திருக்கலாம், மனுஷன். மழை வந்தால் "பாயை இறக்கு!" என்று கத்துவார். ஜன்னலை மூட வேண்டும் என்று அர்த்தம்.

போன வாரம் கூண்டில் ஏறியது ஓர் ஆடு. விதவை நோரா டீகனுடையது, பெயர் டச்சஸ். தன் கோசுத் தோட்டத்தை அது மேய்ந்துவிட்டதாக ரொட்டிக்கடை டாபினின் புகார். சாட்சிக்கென்று, பாதி கடித்த கோசு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார். குற்றம் உறுதியானால் ஆடு அவருக்கு. ஞாயிற்றுக்கிழமைக் கறிவிருந்துக்கு ஆட்களைக்கூட அழைத்தாகிவிட்டது.

"இது போயிட்டா என் புள்ளைக்குப் பால் ஏதுங்க?" நோராவுக்குக் குரல் உடைந்தது.

கேப்டன் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. தாளை எடுத்துவிட்டார். "அடடா, என்ன தாடி! அசையாதீங்க, மகாராணி!"

மகாராணி கேட்டால்தானே? என் தொப்பியை முகர்ந்தாள், கூண்டை முட்டினாள்.

"ஐயா, சீக்கிரம் தீர்ப்பைச் சொல்லுங்க. கடையிலே ரொட்டி தீயுது" என்றார் டாபின்.

"தீயட்டும்யா. நீரும் வந்து பக்கத்துலே நில்லும். படத்துக்குக் கம்பீரமா ஒரு ஆள் வேணும்."

அவ்வளவுதான்! டாபின் எச்சில் தொட்டு மீசையை நீவிக்கொண்டு, ஆட்டின் பக்கத்தில் விறைத்து நின்றார். ஆடு துள்ளியது.

"ஐயையோ, என் முகத்தை மறைக்குதே! சனியனே, சும்மா நில்லு!" கோசில் ஓர் இலையைக் கிள்ளி ஊட்டினார். நின்றது. தின்று முடித்ததும் மறுபடி துள்ளியது. இன்னோர் இலை. அப்புறம் இன்னொன்று. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். பின்வரிசையில் யாருக்கோ சிரிப்பில் புரையேறியது.

"முடிஞ்சுது." கேப்டன் கரித்துண்டை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "டாபின், உம்ம சாட்சியை மேசைமேலே வையும்."

டாபின் தன் கைகளைப் பார்த்தார். காம்புகூட மிச்சமில்லை. "அதான்... இது தின்னுடுச்சே!"

"நீர் ஊட்டினீர், அது தின்னுச்சு. படமே இருக்கே! சாட்சி இல்லே, வழக்கு தள்ளுபடி!" பழைய கப்பல் மணியை ஓங்கி அடித்தார்.

கூரை பிய்த்துக்கொள்ளும்படி சிரிப்பு. நோரா ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், நன்றி சொல்ல வாயெடுத்தாள். கேப்டன் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை நீட்டி, இடது கண்ணை மூடினார். அவர் முன்னால் தாளும் இல்லை, கையில் கரியும் இல்லை.