ஆள் இல்லை

மாஸ்டர், நீங்கள் படிச்ச ஆள், கேட்டா சிரிப்பீங்கள். சிரியுங்கோ, நானும் முந்திச் சிரிச்சவன்தான். பேய் பிசாசு எண்டு ஆரும் கதைச்சா, எந்தத் தவறணையில எவ்வளவு குடிச்சனீர் எண்டுதான் முதல் கேட்பன். பொலிஸ்காரனுக்கு வேற என்ன கேள்வி வரும்? ஆனா இது நடந்தது பட்டப்பகலில, வெயில் உச்சிக்கு வந்து நிக்கேக்க, ஒரு சொட்டுக் கள்ளும் வாயில வைக்காத எனக்கு.

யுத்தக் காலம். நான் திருகோணமலை ஸ்டேசனில கொன்ஸ்டபிள், துறைமுகத்தடிக் கடைத்தெரு என்ட பீட். அதுவரைக்கும் எங்களுக்கு இருந்த பெரிய தலையிடி வெள்ளைக்காரக் கப்பல்காரங்கள்தான். சம்பளம் எடுத்த அண்டைக்குக் குடிச்சுப்போட்டு போத்தல் உடைப்பாங்கள், றிக்‌ஷாக்காரனைத் தூக்கி உள்ள இருத்திப்போட்டு தாங்கள் இழுத்துக்கொண்டு ஓடுவாங்கள், அவங்களைத் தொட எங்களுக்கு ஏலாது, அவங்கட பொலிஸ் வரும்வரைக்கும் விழுந்த தொப்பியளைப் பொறுக்கி வைச்சுக்கொண்டு நிக்கிறதுதான் எங்கட வேலை.

பிறகு ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டான் பாருங்கோ, ஒரே நாளில ஊர் காலி. சாம்பல்தீவு, அங்கால காடு எண்டு, பெண்டு பிள்ளையளோட, ஆடு மாட்டோட சனம் ஓடீட்டுது. எண்ணெய்த் தாங்கி எரிஞ்ச புகை நாள்கணக்கா வானத்தில நிண்டது, அந்த மணத்துக்குள்ள வேற ஒரு மணமும் தெரியாது. பூட்டின கடையளை உடைக்கக் கள்ளர் வந்திட்டாங்கள். இன்ஸ்பெக்டர் ஐயா எங்களை வரிசையில நிப்பாட்டிச் சொன்னார், "ஆரின்ட பீட்டில கடை உடைபடுதோ அவன்ட காக்கிச் சட்டையைக் கழட்டிப்போடுவன்."

பீட் வேலை எப்பிடியெண்டா, ஒவ்வொரு கடையா நிண்டு பலகைக் கதவில தடியால ரெண்டு தட்டுத் தட்டவேணும். உள்ள காவலுக்கு இருக்கிறவர் "ஆள் இருக்கு" எண்டு குரல் குடுக்கவேணும். அதை நேரத்தோட பொக்கற் புத்தகத்தில எழுதவேணும், அவ்வளவுதான். புடவைக்கடைக்குக் காவல் காசிம் நானா, கிண்ணியா ஆள். அவரின்ட குரலை நான் நித்திரையிலயும் மட்டுக்கட்டுவன். "ஆள் இருக்கு" எண்டு சொல்லி முடிக்கேக்க ஒரு கொட்டாவி வரும்.

குண்டு விழுந்த அடுத்த நாள் மத்தியானம் பீட்டுக்குப் போனன். தெருவில ஒரு மனுசர் இல்லை. ஆரோ விட்டிட்டுப் போன ஆடு ஒண்டு புடவைக்கடை வாசலில படுத்திருந்தது. மற்றக் கடையள் ஒண்டிலயும் சத்தமில்லை, காவல்காரரும் ஓடீட்டினம். புடவைக்கடையில ரெண்டு தட்டுத் தட்டினன்.

"ஆள் இல்லை."

காசிம் நானாவின்ட குரல்தான். கொட்டாவி மட்டும் இல்லை. பலகைக்கு அந்தப் பக்கம், சரியா என்ட காதடியில நிண்டு சொன்ன மாதிரி. ஆடு துள்ளி எழும்பி ஓடீட்டுது. நம்பினா நம்புங்கோ மாஸ்டர், எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "ஆள் இல்லாட்டி ஆர் நானா கதைக்கிறது?" எண்டு கேட்டன்.  மனுசன் பகிடி விடுறார் எண்டு நினைச்சு, அந்த வெறுந்தெருவில எனக்கும் ஒரு துணை இருக்கெண்ட சந்தோசத்தில, அப்பிடியே எழுதினன்: புடவைக்கடை, பன்னிரண்டு பத்து, காவல்காரர் காசிம் சொன்ன பதில், ஆள் இல்லை. பின்பக்கம் போய்ப் பார்க்கேல்லை. பார்த்திருக்க வேணும்.

ரெண்டு நாளால முதலாளி வந்தார். பின்கதவு திறந்து கிடக்கு, உள்ள அலுமாரியளில நல்ல புடவைக் கட்டு ஒண்டும் இல்லை, காவல்காரரும் இல்லை. இன்ஸ்பெக்டர் என்ட புத்தகத்தை வாங்கி வாசிச்சுப்போட்டு மேசையில அடிச்சுச் சிரிச்சார். "குண்டு விழுந்த அடுத்த நாளும் அவன் உயிரோட உள்ளுக்கு இருந்திருக்கிறான். புடவைக் கட்டுகளைக் களவெடுத்துக்கொண்டு உமக்கு நக்கலும் அடிச்சிருக்கிறான்." காசிம் நானாவைப் பிடிக்கச் சொல்லி எல்லா ஸ்டேசனுக்கும் ஆள் அனுப்பியாச்சு. அந்த மனுசனைக் கள்ளனாக்கினது என்ட கையெழுத்து, வேற ஒண்டுமில்லை.

அவரின்ட மனுசி கிண்ணியாவில இருந்து தோணியில வந்தவ. கதிரை குடுத்தும் இருக்கேல்லை, முக்காட்டை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. இன்ஸ்பெக்டர் என்னை அவவுக்கு முன்னால அதை வாசிக்கச் சொன்னார். வாசிச்சன்.

"இன்னொருக்கா வாசிங்க தம்பி," எண்டா. வாசிச்சன்.

"அவர் குரல்தானா?"

"ஓம், அவர்தான்."

"அவர் பொய் சொல்லமாட்டார் தம்பி. பகிடிக்கும் சொல்லமாட்டார். ஆள் இல்லையெண்டு சொன்னா ஆள் இல்லைதான். அவர் மௌத்தாயிட்டார். மையித்தைத் தேடுங்க."

இன்ஸ்பெக்டர் திரும்பவும் சிரிச்சார். எனக்கு அந்தமுறை சிரிக்க ஏலாமல் போச்சு. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவவோட போனன். கடையின்ட பின்வளவில ஒரு பதுங்குகுழி, ஒரு பக்க மண் சரிஞ்சு அப்பிடியே மூடிக்கிடந்தது. வெட்டினா, காசிம் நானா குப்புறக் கிடக்கிறார், இடுப்பில கடைப் பூட்டின்ட திறப்புக் கோர்வை. அவருக்குக் கீழ சாக்கால சுத்தின புடவைக் கட்டுகள், ஒண்டுகூடக் குறையாமல். கடை நெருப்புப் பிடிக்கும் எண்டு பயந்து, குண்டு விழ விழ முதலாளின்ட சாமானைக் காவிக் காவி இறக்கியிருக்கிறார். டொக்டர் சொன்னார், குண்டு போட்ட அண்டைக்குக் காலமையே உயிர் போயிட்டுது எண்டு. நான் தட்டினது அடுத்த நாள் மத்தியானம்.

கள்ளன் எண்ட பேர் போச்சு. அவவுக்கு முன்னால நான் நிண்டு அழுதனான், சொல்ல வெக்கமில்லை. அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப்போடச் சொல்லி இன்ஸ்பெக்டர் சொன்னவர், நான் கிழிக்கேல்லை.

முதலாளி புடவைக் கட்டெல்லாத்தையும் லொறியில ஏத்தி, கடையைப் பூட்டி, கொழும்புக்குப் போயிட்டார். ஒரு கிழமையால எனக்குத் திரும்ப அதே பீட். அந்தக் கடையில தட்டுறேல்லை எண்டு நினைச்சுக்கொண்டுதான் போனன், கை பழக்கத்தில தட்டீட்டுது.

"ஆள் இருக்கு."

அதே குரல், ஆனா அவசரமா. நான் திரும்பிப் பார்க்காமல் ஸ்டேசன் வாசல்வரைக்கும் ஓடினனான். புத்தகத்தில "கடை காலி" எண்டு எழுதிப்போட்டு, அடுத்த நாளே பீட்டை மாத்தச் சொல்லிக் காலில விழாக் குறையாக் கேட்டன்.

நானா திரும்பக் காவலுக்கு வந்திட்டார் எண்டுதான் நானும் கொஞ்சக் காலம் மனசைத் தேத்திக்கொண்டனான். பிறகுதான் அந்த மனுசி சொன்னது ஞாபகம் வந்தது. அவர் பொய் சொல்லமாட்டார். ஆள் இல்லை எண்டார், ஆள் இல்லை. ஆள் இருக்கு எண்டார் எண்டா, மாஸ்டர், அந்தப் பூட்டின கடைக்குள்ள அண்டைக்கு ஆரோ உயிரோட மாட்டுப்பட்டு இருந்திருக்கினம். நான் திறந்து பார்க்கேல்லை. யுத்தம் முடியும்வரைக்கும் அதை ஒருத்தரும் திறக்கவும் இல்லை. பிறகு கடையை இடிச்சுப்போட்டினம். இடிக்கேக்க உள்ள என்ன கிடந்தது எண்டு இண்டைவரைக்கும் நான் ஆரிட்டையும் கேட்கேல்லை.